'திடீர்'னா யாருக்கு திடீர்?

2024 செப்டம்பர். மூணாவது வருஷம், அஞ்சாவது செம். முதல் இன்டர்னல்ஸ் முடிஞ்ச அன்னிக்கு சாயங்காலம் கேன்டீன்ல உட்கார்ந்து பஜ்ஜி சாப்பிட்டுட்டு இருந்தோம். ஆறே முக்கால் மணிக்கு ஸ்போர்ட்ஸ் குரூப்ல ஒரே ஒரு வரி வந்துச்சு: "கோச் சார் ரிசைன் பண்ணிட்டாராம்."

மண்டலப் போட்டிக்கு அப்போ சரியா நாலு நாள் இருந்துச்சு.

நம்ம ஸ்போர்ட்ஸ் பேஜை அந்த வருஷம் நடத்துனது நான்தான்னு உங்கள்ல நிறைய பேருக்குத் தெரியும். தெரியாதவங்களுக்கு: ஃபுட்பால் டீம் ஆடுற எல்லா மேட்சுக்கும் போய் படம் எடுக்கிறது, ஸ்கோர் போடுறது, ஜெயிச்சா பாட்டு வச்சு வீடியோ போடுறது, இதெல்லாம் என் வேலை. அன்னிக்கு நான் செஞ்சதும் ஒரு வேலைதான்னு நினைச்சுத்தான் செஞ்சேன். என் போன்ல கோச் சார் ப்ராக்டிஸ் முடிஞ்சு தோள்ல பையோட பைக்கை நோக்கி நடந்து போற மாதிரி ஒரு படம் இருந்துச்சு. பின்னாடி இருந்து எடுத்தது. அதுக்குப் பக்கத்துல ஒரு வடிவேலு முகத்தை வச்சு, மேல ஒரு வரி எழுதினேன்: "மண்டலப் போட்டியா? அன்னிக்கு எனக்கு வேற வேலை இருக்கே!"

செய்தி வந்ததுல இருந்து போஸ்ட் போட்டது வரைக்கும் பதினோரு நிமிஷம். பஜ்ஜி கூட ஆறல.

அது நம்ம பேஜ்ல அதுவரைக்கும் அதிகமா ஷேர் ஆன போஸ்ட். ஜெயிச்ச மேட்ச் வீடியோ எதுக்கும் அவ்வளவு வரவேற்பு கிடைச்சதில்ல. சிரிச்சவங்க லிஸ்ட்ல நீங்களும் இருந்திருக்கலாம். குத்திக்காட்டுறதுக்காக சொல்லல. முதல்ல சிரிச்சதே நான்தான்.

அடுத்த இருபத்திநாலு மணி நேரம் என்ன நடந்துச்சுன்னு இப்போ வரிசையா யோசிச்சா வேடிக்கையா இருக்கு. முதல் ஒரு மணி நேரம், "யார் சொன்னா? உண்மையா?" அப்புறம் ஒரு ஸ்க்ரீன்ஷாட் வந்துச்சு. உடனே கேள்வி மாறிடுச்சு: "ஏன்?" அதுக்கு யார்கிட்டயும் பதில் இல்ல. ஆனா பத்து மணிக்குள்ள மூணு பதில் வந்துடுச்சு. வேற ஒரு காலேஜ்ல சம்பளம் அதிகமா கொடுத்து கூப்பிட்டுட்டாங்க. டீம்ல ரெண்டு பேரோட சண்டை. தோத்துடுவோம்னு தெரிஞ்சு முன்னாடியே நழுவிட்டார். மூணையும் சேர்த்து ஒரு சீனியர் அண்ணா ஆறு நிமிஷ வாய்ஸ் நோட் போட்டார். அவர் படிப்பை முடிச்சு ரெண்டு வருஷம் ஆச்சு, பெங்களூர்ல இருக்கார். ஆனா பேசினது பக்கத்து ரூம்ல இருந்து கேட்ட மாதிரி இருந்துச்சு. நடு ராத்திரிக்குள்ள "துரோகி"ங்கிற வார்த்தை வந்துடுச்சு. மறுநாள் மத்தியானம் வேற ஒரு கூட்டம் கிளம்பி, "சார் மாதிரி வருமா, மிஸ் யூ சார்"னு பழைய படங்களை ஸ்டேட்டஸ் வைக்க ஆரம்பிச்சுது. திட்டினவங்கள்ல பாதி பேர் அதுலயும் இருந்தாங்க.

இது எனக்குப் புதுசு இல்ல. இதே ஊர்வலத்துல நான் பதினஞ்சு வயசுலயே நடந்திருக்கேன். அந்தக் கதையைச் சொல்றேன்.

எங்க சித்தப்பா ஒரு ஃபுட்பால் பைத்தியம். மதுரையில கிரிக்கெட்டை விட்டா ஜல்லிக்கட்டு, கபடி, இதுக்கு நடுவுல ஃபுட்பால் பார்க்கிற ஒரு சின்ன கூட்டம் உண்டு. அந்தக் கூட்டத்துல அவர் ஒருத்தர். அவரால எனக்கும் சென்னையின் எஃப்.சி. ஒட்டிக்கிச்சு. சென்னை ஜவஹர்லால் நேரு ஸ்டேடியத்துக்குப் போனதே இல்ல. எல்லாம் டி.வி.தான். 2018 மார்ச் 17, பெங்களூர் கண்டீரவா ஸ்டேடியத்துல ஐ.எஸ்.எல். ஃபைனல். பெங்களூர் ஊர்லயே பெங்களூரை எதிர்த்து. ஒன்பதாவது நிமிஷத்துலயே சுனில் சேத்ரி கோல் போட்டுட்டார். சித்தப்பா எழுந்து தண்ணி குடிக்கப் போயிட்டார். அப்புறம் மைல்சன் ஆல்வெஸ் தலையால ரெண்டு, ரஃபேல் அகஸ்டோ ஒண்ணு. 3-2. கோப்பை நமக்கு, ரெண்டாவது தடவையா. அந்த டீமோட கோச் ஜான் கிரெகரி. இங்கிலாந்துக்காரர், முன்னாடி ஆஸ்டன் வில்லாவை நடத்தினவர், அறுபது வயசைத் தாண்டினவர். அன்னிக்கு ராத்திரி எங்க வீட்டுல அவர் சாமி.

அடுத்த சீசன்ல அதே டீம், அதே கோச். 18 ஆட்டத்துல ரெண்டே வெற்றி, 9 புள்ளி. பத்து டீம்ல பத்தாவது இடம். சாம்பியனா இருந்த டீம் கடைசி இடம். ஆனாலும் கிளப் அவரை அனுப்பல. 2019 அக்டோபர்ல அடுத்த சீசன் ஆரம்பிச்சுது. முதல் நாலு ஆட்டத்துல ஒரு கோல் கூட இல்ல. கோவாகிட்ட 3-0, மும்பையோட 0-0, ஏ.டி.கே.கிட்ட 1-0, பெங்களூர்கிட்ட 3-0.

நான் அப்போ பத்தாவது. போர்டு எக்ஸாம் வருஷம். படிக்கிற நேரத்துல அம்மா போனை எடுத்துட்டுப் போய், கிளப்போட ஒவ்வொரு போஸ்ட்டுக்குக் கீழயும் "கிரெகரி அவுட்"னு போடுவேன். கிளப் யாருக்காவது பிறந்தநாள் வாழ்த்து போட்டா கூட, கீழ "கிரெகரி அவுட்". எனக்கு ஃபார்மேஷன் பத்தி ஒண்ணும் தெரியாது. ஆஃப்சைடையே சித்தப்பா எனக்கு மூணு தடவை விளக்கியிருக்கார். ஆனா யார் போகணும்னு மட்டும் தெளிவா தெரிஞ்சுது.

நவம்பர் 25, ஹைதராபாத்தோட ஆட்டம். தொண்ணூறு நிமிஷம் வரைக்கும் 0-0. அப்புறம் கூடுதல் நேரத்துல மட்டும் மூணு கோல். ஷெம்ப்ரி நமக்குப் போட்டார், அடுத்த நிமிஷமே ஹைதராபாத் சமன் பண்ணிடுச்சு, கடைசியில வால்ஸ்கிஸ் போட்டார். 2-1. சீசனோட முதல் வெற்றி. அடுத்த ஆட்டம் ஒடிசாவோட 2-2. சரி, வண்டி கிளம்பிடுச்சுன்னு நினைச்சோம். நவம்பர் 30, சனிக்கிழமை, கிரெகரி விலகிட்டார்னு அறிவிப்பு வந்துச்சு.

நான் கேட்டது நடந்துடுச்சு, இல்லையா? சந்தோஷப்படணும். ஆனா அன்னிக்கு கமென்ட்ஸ்ல எல்லாரும் 2018 கோப்பையோட அவர் நிக்கிற படத்தைப் போட்டு "நன்றி கேஃபர்"னு எழுதிட்டு இருந்தாங்க. நானும் அழற முகம் போட்டு "நன்றி"ன்னு எழுதினேன். அதே கணக்கு, அதே விரல். ஒரு வாரத்துக்கு முன்னாடி எழுதினதை அழிக்கக் கூட இல்ல.

டிசம்பர் ஆரம்பத்துல ஓவன் கோயல் வந்தார். அதே ஆட்டக்காரங்கதான். கீழ்ப்பாதியில கிடந்த டீம் நாலாவது இடத்துக்கு ஏறி, அரையிறுதியில கோவாவை ரெண்டு ஆட்டமும் சேர்த்து 6-5னு தாண்டி, 2020 மார்ச் 14 ஃபைனல் வரைக்கும் போச்சு. கொரோனாவால கோவாவுல ஆளே இல்லாத ஸ்டேடியத்துல நடந்துச்சே, அந்த ஃபைனல். ஏ.டி.கே.கிட்ட 3-1 தோல்வி. ஆனா வால்ஸ்கிஸ் 15 கோலோட தங்க ஷூ வாங்கினார். அந்த வால்ஸ்கிஸைச் சேர்த்தது எந்த கோச் இருந்தப்போ? கிரெகரி. இதை அப்போ யாரும் பெருசா பேசல. சீசன் முடிஞ்சதும் கோயல் ஜாம்ஷெட்பூர் போயிட்டார். உடனே அவரும் "விட்டுட்டுப் போனவர்" ஆயிட்டார். 2023-ல அவரே சென்னைக்குத் திரும்பி வந்தப்போ, மறுபடியும் மாலை.

ஒரே ஆளை நாம சாமி, சனியன், சாமின்னு மாத்தி மாத்தி கூப்பிட முடியுதுன்னா, பிரச்சினை அந்த ஆள்கிட்ட மட்டும் இருக்க முடியாது.

இன்னொரு ராத்திரி இருக்கு. அதே 2019, ஜனவரி 14. விடிஞ்சா பொங்கல். வீட்டு வாசல்ல அம்மா கோலம் போட்டுட்டு இருந்தாங்க, நானும் சித்தப்பாவும் உள்ள ஆசியக் கோப்பை பார்த்துட்டு இருந்தோம். ஷார்ஜாவுல இந்தியா, பஹ்ரைன். அதுக்கு எட்டு நாளைக்கு முன்னாடிதான் தாய்லாந்தை 4-1னு அடிச்சிருந்தோம். ஆசியக் கோப்பையில 1964-க்கு அப்புறம் இந்தியாவோட முதல் வெற்றி. சேத்ரி ரெண்டு, மத்த ரெண்டு கோலும் நம்ம சென்னையின் பசங்க, தாபாவும் ஜெஜேவும். அந்தத் தோல்வி தாங்காம தாய்லாந்து தன் கோச்சை உடனே வேலையை விட்டு அனுப்பிடுச்சு. அடுத்து யு.ஏ.இ.கிட்ட 2-0 தோத்தாலும், பஹ்ரைனோட டிரா பண்ணினா போதும், அடுத்த சுற்று. தொண்ணூறு நிமிஷம் 0-0. கூடுதல் நேரத்துல பிரணாய் ஹால்தர் பெனால்டி ஏரியாவுக்குள்ள ஒரு ஃபவுல். பெனால்டி. கோல். முடிஞ்சுது. அன்னிக்கு கேப்டன் பட்டை கட்டியிருந்ததும் ஹால்தர்தான்.

கொஞ்ச நேரத்துல அடுத்த இடி. கோச் ஸ்டீபன் கான்ஸ்டன்டைன் பத்திரிகையாளர்கள் முன்னாடி உட்கார்ந்து, நான் விலகுறேன்னு சொல்லிட்டார். நாலு வருஷம் முன்னாடி தனக்குக் கொடுத்த வேலை இந்தியாவை ஆசியக் கோப்பைக்குக் கொண்டு வர்றது, அது முடிஞ்சுது, தன்னோட சுற்று முடிஞ்சுதுங்கிற மாதிரி பேசினார். உலக ரேங்கிங்ல 170-க்குக் கீழ இருந்த டீம் அவர் காலத்துல நூறுக்குள்ள வந்துச்சு. அது ஒரு பக்கம். அவர் விளையாட்டு பார்க்கவே போர், சீனியர்களோட ஒத்துப்போகலங்கிற பேச்சு இன்னொரு பக்கம். அன்னிக்கு ராத்திரி ரெண்டு பக்கமும் போன்ல கத்திச்சு. எட்டு நாளைக்கு முன்னாடி "வரலாறு"ன்னு எழுதினவங்க, "தப்பிச்சு ஓடிட்டார்"னு எழுதினாங்க. மறுநாள் அவனியாபுரம் ஜல்லிக்கட்டு. மதுரை அதைப் பார்க்கப் போயிடுச்சு. கான்ஸ்டன்டைனை எங்க தெருவுல நினைச்சது ரெண்டே பேர்.

இதுல எனக்குப் புரியாத விஷயம் ஒண்ணு இருந்துச்சு. தாய்லாந்து கோச்சை அனுப்பினப்போ யாரும் பெருசா கோபப்படல. "பாவம், ஒரு மேட்ச் தோத்ததுக்கா"ன்னு சித்தப்பாவே சொன்னார். ஆனா தானா போன கான்ஸ்டன்டைன் மேல மட்டும் எல்லாருக்கும் கோபம். துரத்தினா பாவம், தானா போனா துரோகி. ஏன்?

நான் கண்டுபிடிச்ச பதில் இதுதான். ஒரு கோச்சைத் துரத்தும்போது அந்த முடிவுல நமக்கும் பங்கு இருக்கிற மாதிரி ஒரு உணர்வு. நாம கத்தினோம், அவங்க கேட்டாங்க. அவரே போனா, நம்மளை யாரும் கேட்கல. அந்தக் கதையில நாம எங்கயும் இல்ல. அந்தக் கோபத்துக்குத்தான் நாம "திடீர்"னு பேர் வைக்கிறோம்.

செய்தித் தலைப்புகளை ஒரு தடவை பாருங்க. 'திடீர் ராஜினாமா', 'திடீர் விலகல்', 'அதிரடி முடிவு'. திடீர்னா யாருக்கு திடீர்? போறவருக்கு அது திடீர் இல்ல. மாசக்கணக்கா தூக்கம் வராம யோசிச்சிருப்பார். வீட்டுல பேசியிருப்பார். கடிதம் எழுதி வச்சு, அனுப்பாம, மறுபடி எடுத்துப் படிச்சிருப்பார். திடீர்ங்கிறது பார்க்கிறவங்களுக்கு. செய்தி எழுதறவங்க பார்க்கிறவங்களுக்காக எழுதறதால நம்ம அதிர்ச்சியே தலைப்பு ஆயிடுது.

அது மட்டும் இல்ல, 'விலகினார்'ங்கிற ஒரு சொல்லுக்குள்ள நிறைய விஷயம் ஒளிஞ்சிருக்கும். தொழில்முறை ஃபுட்பால்ல கோச்சுக்கு ஒப்பந்தம் உண்டு. கிளப் நடுவுல அனுப்பினா பொதுவா மீதி காலத்துக்கு ஏதாவது ஈடு கொடுக்கணும். தானா போனா அந்தப் பணம் போயிடும். அதனால ரெண்டு தரப்பும் உட்கார்ந்து பேசி ஒரு நடு வழிக்கு வர்றது சகஜம். அப்புறம் வெளிய வர்ற அறிக்கை அளந்து அளந்து எழுதினதா இருக்கும். ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் குறை சொல்லாத மாதிரி. நமக்கோ குறை சொல்ல ஒரு ஆள் வேணும். அறிக்கையில அது கிடைக்காததால, நாமளே எழுதிக்கிறோம்.

சரி, காரணத்தை வெளிப்படையா சொல்லிட்டா நாம அமைதியா இருப்போமா? அதுக்கும் ஒரு உதாரணம் இருக்கு, நம்ம எல்லாருக்கும் தெரிஞ்சது. 2017 ஜூன் 18, சாம்பியன்ஸ் டிராஃபி ஃபைனல்ல பாகிஸ்தான்கிட்ட இந்தியா 180 ரன்ல தோத்துச்சு. ரெண்டு நாள் கழிச்சு, ஜூன் 20, கோச் அனில் கும்ப்ளே விலகினார். அவரே ஒரு கடிதத்தை ட்விட்டர்ல போட்டார். தன்னோட பாணி பத்தியும், தான் தொடர்றது பத்தியும் கேப்டனுக்கு மனத்தடை இருக்குன்னு போர்டு முந்தின நாள்தான் தன்கிட்ட சொன்னதா, இனிமே இந்தக் கூட்டணி நடக்காதுன்னு தோணினதா எழுதியிருந்தார். மறைக்காம, மரியாதையா எழுதின கடிதம். என்ன ஆச்சு? அன்னிக்கே நாடு ரெண்டா பிரிஞ்சுது. பாதி பேருக்கு கோலி ஆணவக்காரர், பாதி பேருக்கு கும்ப்ளே ஹெட்மாஸ்டர். டி.வி.யில தினமும் பஞ்சாயத்து. அந்த ரூமுக்குள்ள என்ன நடந்துச்சுன்னு தெரிஞ்சவங்க ரொம்ப சில பேர். பேசினது நாம எல்லாரும்.

அதாவது, காரணம் சொல்லாம போனா நாம கதை கட்டுவோம். சொல்லிட்டுப் போனா அதை வச்சு கட்சி கட்டுவோம். போறவருக்கு ரெண்டு வழியிலயும் நிம்மதி இல்ல.

இப்போ நம்ம கோச் சார்கிட்ட திரும்பி வர்றேன்.

அவர் காலேஜோட பி.டி. சார் இல்ல, ஃபுட்பாலுக்கு மட்டும் வர்ற பார்ட்-டைம் கோச்னு உங்களுக்கு ஞாபகம் இருக்கும். திருமங்கலம் பக்கத்துல இருந்து விடியகாலை பைக்ல வருவார். அஞ்சரைக்கு கிரவுண்ட். நம்ம கிரவுண்ட் எப்படின்னு தெரியும்ல, கோடையில செம்மண் பாறை மாதிரி இருக்கும், ஒரு மழை பெய்ஞ்சா சேறு, ஓரம் பூரா கருவேல முள். வாரத்துக்கு ரெண்டு பந்து முள்ளு குத்திப் போகும். பஞ்சர் ஒட்டுறதுக்கு அவரே பையில சாமான் வச்சிருப்பார். நான் மீம்ல போட்டேனே, தோள்ல ஒரு பை, அந்தப் பைக்குள்ள இருந்தது அதுதான்.

மண்டலப் போட்டியில காலிறுதியில தோத்தோம். 3-0. தோத்ததுக்கும் அவர்தான் காரணம்னு ஆச்சு. ஜெயிச்சிருந்தா "அவர் இல்லாமலே ஜெயிச்சோம்"னு போட்டிருப்பேன். டிசைன் கூட ரெடியா வச்சிருந்தேன். இதை எழுதவே கூச்சமா இருக்கு, ஆனா உண்மை.

அன்னிக்கு பஸ்ல திரும்பி வரும்போது டீம் கேப்டன் என் சீட்டுக்குப் பக்கத்துல வந்து நின்னான். "அந்த போஸ்டை எடுத்துடு"ன்னான். ஏன்னு கேட்டேன். "எடுத்துடு, அவ்வளவுதான்." அவனுக்கு ஒரு வாரம் முன்னாடியே தெரியுமாம். சார் அவனைக் கூப்பிட்டு, நான் இல்லாம எப்படி ஆடணும்னு ஒரு நோட்டுல எழுதிக் கொடுத்திருக்கார். யார் எந்த இடம், கார்னருக்கு யார் போகணும், கோல்கீப்பருக்கு இடது பக்கம் பயம் இருக்கு, அதனால யார் அங்க நிக்கணும். யார்கிட்டயும் சொல்லாதேன்னும் கேட்டுக்கிட்டிருக்கார், மேட்சுக்கு முன்னாடி பசங்க மனசு கெட்டுடக் கூடாதுன்னு. ஆபீஸ்ல கொடுத்த கடிதம் எப்படியோ வெளிய கசிஞ்சு குரூப்புக்கு வந்துடுச்சு. அவ்வளவு திட்டையும் படிச்சுட்டு அந்த நாலு நாளும் கேப்டன் வாயைத் திறக்கல. ஏன்னா, சொல்ல மாட்டேன்னு வாக்கு கொடுத்திருந்தான்.

போஸ்டை எடுத்துட்டேன். அதுக்குள்ள அது எங்கெங்கேயோ போயிடுச்சு.

காரணம் என்னன்னு கேட்பீங்க. எனக்கு இப்போ தெரியும். இங்க எழுத மாட்டேன். சம்பளம் இல்ல, சண்டை இல்ல, தோல்வி பயம் இல்ல. அவர் வீட்டு விஷயம், அவ்வளவுதான். இதைப் படிக்கும்போது "ச்சே, சொல்லியிருக்கலாமே"ன்னு உங்களுக்குள்ள ஒரு அரிப்பு வருதா? அந்த அரிப்புதான் அன்னிக்கு எனக்கும் வந்துச்சு. அதைச் சொறிஞ்சுதான் அந்த மீம் வந்துச்சு.

2025 மே மாசம், லீவ்ல, ரேஸ்கோர்ஸ் கிரவுண்டுக்கு சித்தப்பா பையனை கோடை கால கேம்புல விடப் போயிருந்தேன். காலையில ஆறு மணி. ஒரு ஓரத்துல பத்து வயசுப் பசங்க இருபது பேர் வரிசையா நின்னு பந்தை உள்பாதத்தால தள்ளிட்டு இருந்தாங்க. நடுவுல விசிலோட அவர். திரும்பிப் போயிடலாமான்னு ஒரு செகண்ட் தோணுச்சு. அதுக்குள்ள அவரே பார்த்துட்டார்.

"என்னம்மா, நல்லா இருக்கியா? ஃபைனல் இயரா இப்போ?"

"ஆமா சார், இனிமேதான். நீங்க நல்லா இருக்கீங்களா சார்?"

"இருக்கேன்மா." பசங்களைப் பார்த்துட்டே பேசினார். அப்புறம் சாதாரணமா, திட்டுற குரலே இல்லாம சொன்னார்: "அந்தப் படம் நீ போட்டதுதானே? வீட்ல பாப்பாதான் காட்டுச்சு. எட்டாவது படிக்குது. அப்பா, நீங்க ஃபேமஸ் ஆயிட்டீங்கன்னுச்சு."

என்ன சொல்றதுன்னு தெரியல. "சாரி சார்"னு சொன்னேன். அது எவ்வளவு சின்ன வார்த்தைன்னு சொல்லும்போதுதான் தெரிஞ்சுது. அவர், "அட விடும்மா, சின்னப் பிள்ளைங்க"ன்னுட்டு ஒரு பையனோட கால் பொசிஷனைத் திருத்தப் போயிட்டார். பாப்பா அதை வேற யார் போன்ல பார்த்திருக்கும், ஸ்கூல்ல யாராவது காட்டிச் சிரிச்சிருப்பாங்களா, இதெல்லாம் கேட்க எனக்குத் தைரியம் வரல. இன்னும் தெரியாது.

கிளம்பும்போது கூப்பிட்டு ஒண்ணு கேட்டார். "முந்தின வருஷம் நாம ரன்னர்ஸ் வந்தோம்ல, அந்த படம் ஏதாவது இருந்தா அனுப்பும்மா. என்கிட்ட ஒண்ணு கூட இல்ல."

அன்னிக்கு ராத்திரி பழைய ஃபோல்டரைத் திறந்தேன். அந்தப் போட்டிக்கு மட்டும் 340 படம் எடுத்திருக்கேன். ஒண்ணு ஒண்ணா பார்த்தேன். கோப்பையோட டீம், கேப்டனைத் தூக்கிப் போடுறது, பி.டி. சார், கைகுலுக்குறது. கோச் சார் எங்கயுமே முழுசா இல்ல. ஒரு படத்துல பாதி தோள். இன்னொண்ணுல கை மட்டும். நான்தான் பேஜுக்கு நல்லா இருக்கணும்னு ஓரத்தை வெட்டி வெட்டிப் போட்டிருக்கேன். ரெண்டு வருஷம் ஒரு ஆளை ஃபிரேமுக்கு வெளிய வச்சிருந்துட்டு, முழுசா அவரை நான் போட்ட ஒரே படம், முதுகைக் காட்டி நடந்து போற அந்த மீம்.

கடைசியில வெட்டாத ஒரிஜினல் ஒண்ணு கிடைச்சுது. டீம் குதிச்சிட்டு இருக்கு. ஓரத்துல அவர் குனிஞ்சு, கீழ கிடக்கிற பந்துகளை வலைப் பைக்குள்ள போட்டுட்டு இருக்கார். முகம் பாதிதான் தெரியுது, சிரிக்கிற மாதிரி இருக்கு. அதை அனுப்பினேன். ரெண்டு நீல டிக் வந்துச்சு. கொஞ்ச நேரம் கழிச்சு ஒரு கும்பிடு.

இன்னும் சில வாரத்துல நாங்க கிளம்புறோம். எங்கள்ல பல பேர் கையில ஆஃபர் லெட்டர் இருக்கு. ஒரு தடவை அதை முழுசா படிங்க. என்னோடதுல மூணாவது பக்கத்துல நோட்டீஸ் பீரியட் 90 நாள்னு போட்டிருக்கு. வேலையில சேர்றதுக்கு முன்னாடியே, விட்டுட்டுப் போறது எப்படின்னு எழுதித்தான் கொடுக்குறாங்க. நாமளும் ஒரு நாள் ரிசைன் பண்ணுவோம். அம்மாவுக்கு முடியலன்னு பண்ணுவோம், மேனேஜர் தாங்கலன்னு பண்ணுவோம், வேற ஊர் பிடிக்கலன்னு பண்ணுவோம். "பர்சனல் ரீசன்ஸ்"னு ரெண்டே வார்த்தை எழுதுவோம். அன்னிக்கு அந்த ரெண்டு வார்த்தையை அப்படியே நம்பிட்டு, "ஆல் தி பெஸ்ட்"னு சொல்ற ஆள் ஒருத்தராவது இருந்தா எவ்வளவு நல்லா இருக்கும்!

விமர்சனமே பண்ணக் கூடாதுன்னு சொல்ல வரல. சென்னையின் நாலு ஆட்டத்துல கோல் போடலன்னா, ஏன் போடலன்னு கேட்கலாம், கத்தலாம். ஆட்டம் நம்ம கண் முன்னாடி நடக்குது, அது பொது. அதை விட்டுட்டு ஒரு ஆள் ஏன் போனார்ங்கிறது நம்ம கண் முன்னாடி நடக்கல. தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி எழுதறதுக்கு நகைச்சுவைன்னு பேர் வச்சாலும் அது பொய்தான். அதை எட்டாவது படிக்கிற ஒரு பாப்பா படிக்கும்.

போன வாரம் பேஜோட பாஸ்வேர்டை செகண்ட் இயர் தம்பிங்ககிட்ட கொடுத்துட்டேன். கூடவே ரெண்டு விஷயம் சொன்னேன். யாராவது போறாங்கன்னு செய்தி வந்தா, ஒரு நாள் முழுக்க எதுவும் போடாதீங்க. ரெண்டாவது, டீம் படம் எடுக்கும்போது ஓரத்தை வெட்டாதீங்க.

முதல் விஷயத்தைக் கேட்டு ஒரு தம்பி, "ஒரு நாள் கழிச்சுப் போட்டா யாருக்கா பார்ப்பாங்க?"ன்னு கேட்டான். நியாயமான கேள்விதான். எனக்குப் பதில் தெரியல. "பார்க்காட்டி பரவாயில்லடா"ன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.